அப்பாவு ஐயாவின் கோயில் சாவி

புத்தகத்தை ஆறாகக் கிழித்தவள் நான்தான். 2011இல் சுங்குவார்சத்திரம் பக்கத்து செல்போன் கம்பெனியில் எனக்கு வேலை. கம்பெனி பஸ்ஸில் ஒரே மர்ம நாவலுக்கு ஆறு பேர் அடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு கூறு கிழித்துக் கொடுத்தேன். சனியன், அன்றைக்கே என் கை முறிந்திருக்கலாம்.

முதல் கூறு பஸ்ஸிலேயே தொலைந்தது. மீதி கைமாறி எங்கள் தெரு ஹேமந்திடம் போனது. எங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மாதா கோயில், பீடத்துக்கு அடியில் முந்நூறு வருஷத்துச் சுரங்கம், உள்ளே ஒளித்த செப்பேடு, அதைக் காக்கும் சாவிக்காரன். இதுதான் கதை. ஹேமந்த் அதைச் சரித்திரம் என்றே நம்பிவிட்டான்.

எங்கள் மாதா கோயில் சாவி என் வீட்டு ஓனர் அப்பாவு ஐயாவிடம் இருந்தது. முப்பது வருஷமாகக் கதவு திறந்து, பெருக்கி, மணியடிப்பவர். மனைவி போன பிறகு அந்தச் சாவிதான் அவருக்கு எல்லாம்.

"பீடத்தாண்ட யாரையும் வுடமாட்றாரே, ஏன்?" என்று ஹேமந்த் ஊரெல்லாம் கேட்டான். துடைத்த தரையில் கால் வைத்தால் ஐயாவுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்!

அவன் பேச்சைக் கேட்டுக் கோயில் கமிட்டி கூடியது. ஐயா வாசல் கல்லைக் காட்டினார். "1962ன்னு போட்டுகீது பாரு. எங்கப்பா கல்லு சொமந்து கட்னது."

"கல்ல அப்பறமா வெச்சிருப்பீங்க" என்றான் ஹேமந்த்.

லீவு போட்டுத் தாம்பரம் போய் புதுப் புத்தகம் வாங்கிவந்து, முதல் பக்கத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். "எல்லாம் கற்பனைன்னு போட்டிருக்குல்லா! கண்ணு அவிஞ்சா போச்சு?"

சிரித்தான். "மறைக்கிறவன் அப்டிதான்க்கா போடுவான்."

இவனிடம் எதைச் சொல்லி அழுவது? கமிட்டியும் அவனை நம்பி, ஐயாவிடமிருந்து சாவியை வாங்கி அவனிடமே கொடுத்தது. மறுநாள் காலையில் மணி அடிக்கவில்லை. ஹேமந்த் துரை தூங்கிவிட்டார்.

ஐயா என் வாசலுக்கு வந்தார். "எனக்குக் கண்ணு தெர்லம்மா. அந்த சாவிக்காரன் கடைசில இன்னா ஆவுறான், படிச்சி சொல்லு."

புத்தகத்தில் அவன் கொலைகாரன், சுரங்கத்திலேயே சாகிறான். கடைசிப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் படிப்பதுபோல் சொன்னேன். "அவரு மேல தப்பில்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருது ஐயா. சாவிய அவருகிட்டயே குடுத்துருதாவ."

அவர் முகம் மலர்ந்தது. "அப்டியா போட்டுகீது? அந்தப் பக்கத்த கமிட்டியாண்ட வந்து படிச்சி காட்டும்மா."