விற்றுப்போன வீட்டில் வைத்த பொங்கல்

ஜூன் இரண்டாம் செவ்வாய்க்கிழமை தேதியிட்ட வங்கிக் கடிதத்தில் உள்ள வரி இது: "இணை விண்ணப்பதாரரின் முந்தைய கடன் வரலாறு காரணமாக, தங்கள் வீட்டுக்கடன் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை." இணை விண்ணப்பதாரர் என் கணவர்.

அஸ்தம்பட்டியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டையே வாங்கக் கேட்டிருந்தோம். ஆடி பிறக்கும் முன் பணம் புரட்டினால் எங்களுக்கே தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மாடிப்படிக்குக் கீழே என் புத்தகங்களுக்கு அலமாரி அடிக்க அளவுகூட எடுத்துவிட்டேன்.

கடிதத்தோடு நான் மட்டும் வங்கிக்குப் போனேன். கடன் பிரிவில் இருந்த பெண் திரையைப் பார்த்தபடி, "சாரோட புதுச்சத்திரத்து வீடு ஏலம் போயிருக்குதுங்களே மேடம். நாலு வருசமாச்சு" என்றாள்.

"அதுல என் மாமியார் குடியிருக்காங்க. இந்தப் பொங்கலுக்குக்கூட அங்கதானுங்க இருந்தோம்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டேனுங்க. உங்க பேர்ல மட்டும் போடலாம். ஆனா உங்க ஒரு சம்பளத்துக்கு, கேட்டதுல பாதிகூட வராதுங்க."

அன்று மாலை கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். "ஏனுங்க, புதுச்சத்திரத்து ஊடு யாருதுங்க?"

செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, "எங்க அக்கா பேர்ல இருக்குது" என்றார்.

அவருடைய பங்காளி ஒருவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வாங்கியபோது, இவர் வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைத்திருக்கிறார். பங்காளி கேட்டு மறுத்தால் நல்லது கெட்டதில் முகம் கொடுக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. வண்டி வடக்கே போய் முடங்கியது, தவணையும் நின்றது. வெளியாள் கைக்குப் போனால் ஊர் சிரிக்கும் என்று அக்காவே ஏலத்தில் எடுத்துவிட்டார். மாமியார் அதே கட்டிலில் படுத்தார். ஊருக்குத் தெரியவில்லை. வங்கிகளுக்குத் தெரிந்திருந்தது.

"வேற யாருக்கெல்லாந் தெரியும்?"

"ஊட்டு ஆளுகளுக்கு மட்டுந்தான், புள்ள."

"அப்ப நானு யாருங்க?"

அவர் கைகால் கழுவப் போய்விட்டார்.

அவருடைய அக்காவுக்குப் போன் செய்தேன். "உங்கிட்டச் சொல்லீட்டு யாரு நிம்மதியா இருக்கறது அம்முணி? நீதான் பூனை குட்டி போட்டாலும் தேதி போட்டு எழுதி வெப்பியே!" என்று சிரித்தார்.

டைரியில் எழுதித்தான் வைத்திருக்கிறேன். ஏலத்துக்குப் பிறகு வந்த ஒவ்வொரு தை முதல் நாளிலும், "நம் வீட்டு வாசலில் பொங்கல் வைத்தேன்" என்றிருக்கிறது. பக்கத்தில் நின்று, பொங்கட்டும் பொங்கட்டும் என்று சொல்லிக் குலவையிட்டவர் அக்கா.

என் பெயரில் மட்டும் கிடைக்கும் கடன் இந்த வீட்டுக்குப் போதவில்லை. ஆனிக் கடைசியில் வீட்டுக்காரர் வேறொருவரிடம் முன்பணம் வாங்கிவிட்டார். அந்தக் கடனுக்குள் அடங்குகிற சின்ன வீடாகத் தேடுகிறேன். பத்திரம் என் பெயரில் மட்டும்தான். கணவரிடம் சொல்லிவிட்டேன்; சரி என்றார்.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. ஏலத்துக்கு அடுத்த பொங்கலுக்கு, புதுச்சத்திரத்து வீட்டின் முன்சுவருக்கு மட்டும் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். மற்ற சுவர்களில் பழைய சுண்ணாம்புதான். "அம்மாவின் ஆசை" என்று கணவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். கடன் நின்றுபோன வீட்டுச் சுவரில் 'இது வங்கிக்கு அடமானப்பட்ட சொத்து' என்று வங்கிக்காரர்கள் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போவதுண்டு. பச்சைக்கு அடியில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்கிறார். நான் இன்னும் சுரண்டிப் பார்க்கவில்லை. ஆகவே இது சரிபார்க்கப்படாத தகவல்.