குண்டுக்கும் அக்குவுக்கும் ஒரு டனல்

யோகேந்திரனுக்கு அந்த இணைய இணைப்பின் மேல் வந்த கோபம் வேறு யார் மேலும் வந்ததில்லை. அஸீம் ஹாஜியாரின் அக்குறணைக் கடைக் கம்பியூட்டரும் குண்டசாலைக் களஞ்சியக் கம்பியூட்டரும் ஒன்றோடொன்று பேச வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இணைப்புக் கொடுத்த கம்பனி ஊர்ப்பட்ட வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்தது. உள்ளேயிருந்து வெளியே போகலாம். வெளியேயிருந்து தானாக வருகிற எதையும் உள்ளே விடாது. இரண்டு பக்கமும் இதே கதை என்றால் யார் யாரைக் கூப்பிடுவது? சனியன் பிடித்த வேலை!

விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அது இரண்டாயிரத்து ஏழு. போர் நடந்த காலம்; அவன் ஊரான யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்தது. தமிழனான அவனுக்குக் கண்டியில் ஒரு வாடகை அறை கிடைத்ததே, "இவர் என்ட ஆள்" என்று ஹாஜியார் பொலிஸில் சொன்னதால்தான். இந்த வேலை போனால் அறையும் போகும்.

கடைசியில் ஒரு குறுக்கு வழி பிடித்தான். பொது முகவரியுள்ள ஒரு கம்பியூட்டரை வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்தான். கடையும் களஞ்சியமும் தாமாகவே வெளியே போய் அதனோடு பேசும். அது நடுவில் நின்று இரண்டையும் சேர்த்துவைக்கும். இந்த வழியைத்தான் கம்பியூட்டர்க்காரர் டனல், அதாவது சுரங்கப்பாதை, என்பார்கள். இரண்டு இடத்துக்கும் அவன் வைத்த செல்லப் பெயர் அக்கு, குண்டு. பார்த்தால், இரண்டுக்கும் உள்ளே ஒரே முகவரி இலக்கங்கள்; எது எங்கே இருக்கிறதென்று டனலுக்கே தெரியவில்லை! குண்டின் இலக்கங்களை மாற்றிய பிறகுதான் சனியன் வழிக்கு வந்தது.

குண்டசாலையிலிருந்து கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில், கொழும்பிலிருந்த நண்பன் ராஜலிங்கத்துக்கு ஃபோன் எடுத்தான். சந்தோசத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"ஓமடா, குண்டு ரெடி! டனலும் போட்டாச்சு. நாளைக்குக் காலமை பார், என்ன மாதிரி வேலை செய்யுதெண்டு!"

பஸ்ஸில் பேச்சு நின்றது. தமிழே தெரியாதவர்களுக்கும் அந்த ஆண்டுகளில் குண்டு என்ற சொல் தெரியும். அடுத்த சோதனைச்சாவடியில் யாரோ சொல்லிக்கொடுக்க, பொலிஸார் அவனை இறக்கிக் கொண்டுபோனார்கள்.

ஹாஜியார் ஓடிவந்து, சிங்களத்தில் தொண்டை வறளப் பேசி, மறுநாள்தான் அவனை வெளியே எடுத்தார். ஆட்டோவில் அவன் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"கோவிச்சிக்க வேணாம் தம்பி. என்ட கடையையும் கிண்டிக் கிளறிட்டுப் போயிட்டாங்க. இனி நீங்க வர வேணாம்."

ஓர் ஊரின் பெயரைச் சுருக்கியது அவ்வளவு பெரிய குற்றமா?

"நான் இனி எங்க போறது, ஹாஜியார்?"

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சத் தூரம் போனபின் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, அந்த டனல்... நீங்க இல்லாட்டியும் வேல செய்யுமா?"

"ஓம்," என்றான் யோகேந்திரன். "நான் இல்லாட்டிலும் வேலை செய்யும்."