அண்ணியின் சொந்தக் கம்ப்யூட்டர்

என் அண்ணி வீட்டுப் பிளான் வரைபவள். ஒரு கட்டட அலுவலகத்தில் வெகுகாலம் வரைந்தவள், போன மாதம் முதலாளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள். இனிமேல் சொந்தமாகத்தான் வரைவேன் என்றாள். முதல் வாடிக்கையாளரும் கிடைத்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் பிளான் வேண்டும், இல்லையென்றால் உங்கள் பழைய அலுவலகத்துக்கே போய்விடுவேன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் கம்ப்யூட்டர் இந்த வேலைக்கு இழுக்காது. இழுக்கிறதன் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அண்ணி ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கித் தானே சேர்த்தாள். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வைத்து பட்டனை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை, ஃபேன் சுற்றவில்லை. எத்தனை முறை அழுத்தினாலும் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

என் அண்ணன் அலமாரி, கட்டில் பொருத்தும் ஃபிட்டர். தங்கமான மனுஷன்தான், ஆனால் வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. உடனே பாகங்கள் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டான். கொண்டுவந்து வையுங்கள், புதன்கிழமை பிரித்துப் பார்க்கிறேன் என்றாராம். அதற்குள் வந்த வேலை போயே போய்விடும். இதெல்லாம் தெரிஞ்சவங்ககிட்ட விட்டிருக்கணும் என்று அண்ணன் முனகினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேசை விளக்கைச் செருகிச் சுவர் பிளக்கைச் சோதித்தாள். எரிந்தது. பவர் சப்ளையின் பின்னாலிருக்கும் சுவிட்ச் ஆன் நிலையில்தான் இருந்தது. பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர்களைக் கழற்றி மாட்டினாள். பலனில்லை. பிறகு மதர்போர்டையே பெட்டியிலிருந்து கழற்றி, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தாள். பவர் ஒயர்களைக் கொடுத்து, பட்டனை அழுத்துவதற்குப் பதிலாக, பட்டன் ஒயர் மாட்டும் இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்து ஒரு தொடு தொட்டாள். ஃபேன் விர்ரென்று சுற்றியது. நான் கைதட்டிவிட்டேன்.

ஆனால் பெட்டிக்குள் திரும்ப வைத்தால் மறுபடி மூச்சுப் பேச்சு இல்லை. அப்படியானால் போர்டு நல்லது, பெட்டிக்குள்தான் ஏதோ இடிக்கிறது என்றாள் அண்ணி. போர்டை மீண்டும் கழற்றி, ஒரு தாளின் மேல் வைத்து, ஸ்க்ரூ போகும் ஓட்டைகள் வழியாக ஒவ்வொன்றாகப் பென்சிலால் தாளில் குத்தினாள். அந்தத் தாளைப் பெட்டிக்குள் விரித்தாள். போர்டைத் தாங்குவதற்கென்று அங்கே குட்டிக் குட்டிப் பித்தளைக் கால்கள் உண்டு. குத்திய ஓட்டைக்கு ஒன்றாக எல்லாக் கால்களும் எட்டிப்பார்த்தன. ஒன்றே ஒன்று மட்டும் ஓட்டையில்லாத இடத்தில் தாளைத் தூக்கிக்கொண்டு நின்றது. போர்டின் அடிப்பக்கத்தில் படக்கூடாத இடத்தில் பட்டு, ஷார்ட் சர்க்யூட் ஆக்கிக் கம்ப்யூட்டரை எழவிடாமல் செய்தது அதுதான்.

“இத நான் வைக்கலையே” என்றாள் அண்ணி.

அண்ணன் பேந்தப் பேந்த விழித்தான். அவன் தொழிலில் ஒரு ஸ்க்ரூ மிச்சமானாலும் மானம் போய்விடும். காலையில் போர்டைப் பொருத்தும் முன் அண்ணி குளிக்கப் போன நேரத்தில் ஸ்க்ரூப் பையில் ஒரு கால் மிச்சமிருப்பதைப் பார்த்திருக்கிறான், பெட்டியில் ஓர் ஓட்டை காலியாக இருப்பதையும் பார்த்திருக்கிறான். மனசு கேட்காமல் அங்கே அதை முறுக்கிவிட்டான்.

“ஓட்டை சும்மா இருந்துச்சு” என்றான் மெதுவாக.

நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. அண்ணி சிரிக்கவில்லை. கழற்றச் சொல்லி ஸ்க்ரூடிரைவரை அவன் கையில் கொடுத்தாள். அவன் கழற்றினான். போர்டை மறுபடி பொருத்தி பட்டனை அழுத்தினாள். பெட்டிக்குள் வெளிச்சம் பரவியது, திரை விழித்துக்கொண்டது. அப்போதுதான் அண்ணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு முழுச் சிரிப்புச் சிரித்தாள். அவ்வளவு பெரிய சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வரையும் மென்பொருளை ஏற்றியதும் வெள்ளைத் தாள் ஒன்று திரையில் விரிந்தது. அண்ணி அதன் கீழ் மூலைக்குப் போய்த் தன் பெயரை நிதானமாக அடித்தாள்.

“இன்னும் ஒரு சுவர்கூட வரையல, அதுக்குள்ள பேரா?” என்றான் அண்ணன்.

“அங்க வரைஞ்சது அத்தனையும் முதலாளி பேர்லதாங்க போச்சு. ஒண்ணுலகூட என் பேர் கிடையாது. இனிமே பேரப் போட்டுட்டுத்தான் சுவரு” என்றாள் அண்ணி.