கிடாரி யோருன்

எங்கள் குடாவுக்கு வந்து யோருன் வீடு எது என்று கேட்டால், எந்த யோருன் என்பார்கள். ஐஸ்லாந்தில் யோருன்கள் மலிவு. கிடாரி யோருன் என்று கேளுங்கள். ஆற்றைக் காட்டி, அருவியைக் காட்டி, கையை ஒரு சுற்றுச் சுற்றி, "அவ்வளவும் அந்தம்மாவோடது" என்பார்கள். அவள் போய்ச் சேர்ந்தாயிற்று, மேட்டில் புதைத்தும் ஆயிற்று. நிலம் மட்டும் இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது.

இப்போது அவளைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை விடுகிறார்கள். அவள் மலைப்பூதத்தோடு மல்லுக்கு நின்றாளாம். அவள் கிடாரி ஆற்றை ஒரே தாவாகத் தாவியதாம். நான் ஆலோவ். அவள் வந்த அதே கப்பலில் வந்தவள். அவள் நிலம் பிடித்த அன்று முழுக்க அவளுக்கு முன்னால் நடந்தவளும் நான்தான். எந்தக் கிடாரியும் தாவவில்லை. அந்தச் சனியனை நடக்க வைப்பதற்குள் எங்களுக்குப் பிராணன் போய்விட்டது.

யோருன் குள்ளம், அகலம், குரல் மட்டும் ஏழு வீட்டுக்குக் கேட்கும். தறியில் உட்கார்ந்தால் துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அவள் சுட்ட ரொட்டியைக் கடிக்கப் பயந்து ஆண்கள் கருவாட்டை வெண்ணெயில் தோய்த்துத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார்கள். நார்வேயில் அவளைக் கட்டிக்கொண்டவன் வெர்முண்ட். ஈ எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனிதன். அந்த ரொட்டியைக் குறை சொல்லாமல் சாப்பிட்ட ஒரே ஆள் அவன்தான்.

வெர்முண்டின் தம்பி ஸ்டைனார் வேறு ரகம். நார்வேயில் ராஜாவின் ஆட்களிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டு, ராவோடு ராவாகக் கப்பலேற வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டார். தம்பி கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் அண்ணன். ஆக, எல்லோரும் கிளம்பினோம்: ஆடு, மாடு, கோழி, நாங்கள். நடுக்கடலில் அலை அடித்தபோது மோர்ப் பீப்பாய் கட்டவிழ்ந்து உருண்டது. அதைப் பிடிக்க எழுந்தான் வெர்முண்ட். அடுத்த அலையில் பீப்பாய் இருந்தது, ஆள் இல்லை. அந்த மோரை மிச்சப் பயணம் முழுவதும் நாங்கள் குடித்தோம். அதைத் தொண்டைக்குள் இறக்குவது எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

இலையுதிர் காலத்தில் கரை சேர்ந்து, பனி மூடுவதற்குள் அவசர அவசரமாகப் புல்தரையை வெட்டி அடுக்கி ஒரு வீடு கட்டினோம். அண்ணன் பங்கு மரம், அண்ணன் பங்கு ஆட்கள், ஆனால் வீடு தம்பி வீடு ஆகிவிட்டது. எங்கள் வழக்கத்தில் வீட்டுக்காரி இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். அந்த வீட்டில் சாவிக்கொத்து ஸ்டைனார் இடுப்பில் தொங்கியது. ஒரு ஆண்பிள்ளை சாவியைக் குலுக்கிக்கொண்டு வெண்ணெய்ப் பானைக்கும் கருவாட்டுக் கொட்டகைக்கும் நடப்பதைப் பார்க்க எங்களுக்குச் சிரிப்பாக வரும். யோருன்னுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கரண்டி வெண்ணெய்க்கு அவள் கொழுந்தன் முன்னால் கை நீட்டி நிற்க வேண்டியிருந்தது.

குளிர்காலத்தின் கடைசி விருந்தில்தான் விஷயம் வெளியே வந்தது. கோடையில் முதல் வியாபாரக் கப்பல் வந்ததும், அதில் வருகிற எவனுக்காவது அண்ணியைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ஸ்டைனார் மனதுக்குள் முடித்து வைத்திருந்தார். பீர் உள்ளே போனதும் அதை வெளியேயும் சொல்லிவிட்டார். ஆற்றுக்கு அக்கரையில் குடியிருந்த கிரிம்கெல்லும் அவன் ஆட்களும் விருந்துக்கு வந்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னார்.

யோருன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் புருஷன் வேணாம், கொழுந்தனாரே. நிலம் வேணும்."

கூடம் சிரித்தது. சிரித்தாலும் வழக்கம் வழக்கம்தான். ஆண்பிள்ளை நிலம் பிடிக்க வேண்டுமானால் விடியும்போது ஒரு இடத்தில் நெருப்பு மூட்டி, அதன் புகை தெரிகிற தூரத்தில் அடுத்த நெருப்பு மூட்டி, அப்படியே பொழுது சாய்வதற்குள் சுற்றி வர வேண்டும். பெண்பிள்ளைக்கு நெருப்பு கிடையாது, கிடாரி. இன்னும் கன்று போடாத இரண்டு வயதுக் கிடாரி ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, ஒரு வசந்த நாளில் சூரியன் உதிப்பதிலிருந்து மறைவதற்குள் எவ்வளவு நிலத்தைச் சுற்றி வருகிறாளோ அவ்வளவும் அவளுக்கு. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் வாழ்க்கையில் ஒரு கிடாரியையும் கயிற்றில் பிடித்திருக்க மாட்டான்.

ஸ்டைனாரே இன்னும் நெருப்பு மூட்டி நிலம் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் அன்று அவருக்கு ஒரே குஷி. எழுந்து நின்று பீர்க் கோப்பையைத் தூக்கினார்.

"அண்ணி முதல்ல சுத்தட்டும். அவங்க சுத்தினது அவங்களுக்கு. மிச்சம் இருக்கிறது எனக்கு. கிடாரியும் நானே தரேன், போதுமா?"

சொல்லிவிட்டுக் குடித்தும் விட்டார். எங்கள் ஆட்கள் பகலில் ஆயிரம் சொல்வார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். விருந்தில் கோப்பையைத் தூக்கிச் சொல்லிக் குடித்தது மட்டும் அப்படியில்லை. அதிலிருந்து பின்வாங்கியவனோடு பிறகு யாரும் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள். ஸ்டைனாருக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். அண்ணியால் ஒரு முட்டைக்கோஸ் பாத்திகூடச் சுற்ற முடியாது என்ற நம்பிக்கை அவருக்கு. அந்த நம்பிக்கைக்குக் காரணம் கொட்டிலில் இருந்தது.

கொட்டில் என் பொறுப்பு. அங்கே இரண்டு கிடாரிகள் இருந்தன. ஒன்று நல்லது. அதற்குக் கால் சுளுக்கு என்று ஸ்டைனார் அறிவித்தார், அதற்கே தெரியாத சுளுக்கு. இன்னொன்று ஸ்நோத்ரா. அறிவுக்கென்று எங்களுக்கு ஒரு தெய்வம் உண்டு, அந்தத் தெய்வத்தின் பெயர். வைத்தவனைத்தான் உதைக்க வேண்டும். கப்பலில் தாய்ப்பசுவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டே கடல் தாண்டி வந்ததாலோ என்னவோ, இரண்டு வயதாகியும் அது தாயை விட்டு நகராது. இழுத்தால் படுத்துக்கொள்ளும். படுத்துக்கொண்டு, கழுத்தை அறுக்கிற மாதிரி கத்தும்.

குறித்த நாள் காலையில் கிரிம்கெல் சாட்சியாக வந்து, கொட்டிலின் மேற்கு மூலையில் ஒரு கல்லை நட்டான். இங்கே தொடங்கி இங்கே முடிக்க வேண்டும். சூரியன் தலை காட்டியதும் யோருன் கயிற்றைப் பிடித்தாள். ஸ்நோத்ரா நாலு எட்டு வைத்தது, திரும்பிப் பார்த்தது, தாயைக் காணோம். படுத்துவிட்டது.

யோருன் கயிற்றை இழுத்தாள், பின்னால் போய்த் தள்ளினாள், காதில் கெஞ்சினாள், வாய்க்கு வந்தபடி திட்டினாள். கிடாரி அசைபோட்டது. ஸ்டைனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து அலுத்ததும், எருக்குழியைத் தாண்டினால் ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, தன் ஆட்களோடு மீன் பிடிக்கப் படகேறிப் போய்விட்டார்.

படகு கடல்முனையைத் திரும்பி மறைந்தது. யோருன் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. கோடைக் கப்பலில் எவனோ ஒருவனோடு மறுபடி அந்தக் கடலைத் தாண்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

பசுவை மேய்க்க ஓட்டிப்போவது என் வேலை. எந்தப் பக்கம் மேய்க்க வேண்டும் என்று ஸ்டைனார் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. கொட்டிலுக்குள் போய்த் தாய்ப்பசுவை அவிழ்த்து, ஆற்றோரமாக ஓட்டினேன். ஸ்நோத்ரா துள்ளி எழுந்து பின்னாலேயே வந்தது. கயிற்றின் மறுமுனையில் யோருன் வந்தாள்.

கிரிம்கெல் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தான். வழக்கம் கிடாரியைப் பற்றித்தான் பேசுகிறது, பசுவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னான். நல்ல மனிதன். அவனும் ஸ்டைனாரும் கரை ஒதுங்கிய ஒரு திமிங்கலச் சடலத்துக்காக அதற்கு முந்தின மாதம்தான் சண்டை போட்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். சாட்சியாகக் கூடவே நடந்து வந்தான்.

எங்கள் கணக்கு சிறியதுதான். ஆற்றோரமாக அருவி வரை ஏறி, மலையடிவாரமாகத் திரும்பி, வீட்டுக்குப் பின்பக்கமாக வந்து கல்லைத் தொட்டுவிட வேண்டும். நாலு மாடும் கொஞ்சம் ஆடும் வைத்துப் பிழைக்கிற அளவு. பகல் முழுவதும் அப்படியே நடந்தது. சேறு முழங்கால் வரை. ஓடைகளில் தண்ணீர் எலும்பைக் கடித்தது. யோருன்னின் ஒரு செருப்பைச் சதுப்பு விழுங்கிவிட்டது. நானும் அவளும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நடந்தோம், முக்கால்வாசி ஸ்டைனாரைப் பற்றி. கிரிம்கெல் காது கேட்காதவன் மாதிரி வந்தான்.

சாயங்காலம் வீடு கண்ணுக்குத் தெரிந்தது. பின்பக்கமாக ஓட்ட வேண்டும். பசு மாட்டேன் என்றது. எங்கள் மாடுகளுக்குச் சாயங்காலமானால் கடற்கரையில் ஒதுங்கிய பாசியைத் தின்ன வேண்டும், அந்த உப்புக்கு அப்படி அலையும். நேராக வீட்டுக்கு முன்னால், கடற்கரையைப் பார்த்துத் திரும்பியது. நான் கொம்பைப் பிடித்து இழுத்தேன். என்னையும் சேர்த்து இழுத்தது.

"விடு ஆலோவ்," என்றாள் யோருன்.

"அக்கா, அந்தப் பக்கமா போனா வீடு உள்ள வந்துரும்."

"தெரியுது. விடு."

பின்பக்கமாகப் போனால் ஸ்டைனாரின் வீடு வட்டத்துக்கு வெளியே. முன்பக்கமாகப் போனால் வீடு, கொட்டில், கருவாட்டுக் கொட்டகை, எருக்குழி எல்லாமே வட்டத்துக்கு உள்ளே. நான் கிரிம்கெல்லைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்தான், சிரிப்பை அடக்குகிறவன் பார்க்கிற பார்வை.

கரையில் ஸ்டைனார் படகை இழுத்துப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு பெரிய மீன். பசு, நான், கிடாரி, சேற்றில் குளித்த அண்ணி, கிரிம்கெல் என்று வரிசையாக எங்களைப் பார்த்ததும் முதலில் சிரித்தார். இன்னும் எருக்குழியைத்தான் சுற்றுகிறோம் என்று நினைத்திருப்பார். எங்கேயிருந்து வருகிறோம் என்று கேட்டார். அருவியிலிருந்து என்றேன். அவர் அருவியைப் பார்த்தார், கொட்டில் மூலைக் கல்லைப் பார்த்தார், நடுவில் இருந்த தன் வீட்டைப் பார்த்தார். மீன் தோளிலிருந்து நழுவி விழுந்தது.

சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறித்து நின்றால் கோப்பையைத் தூக்கிச் சொன்ன வார்த்தை போய்விடும், அதுவும் கிரிம்கெல் கண்முன்னால். அதனால் மறிக்காமல், நைசாகப் பசுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பசு அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒருநாளாவது பால் கறந்திருந்தால்தானே. பாசியைத் தின்று முடித்ததும் அதற்கு மடி கனத்திருக்க வேண்டும், கொட்டிலைப் பார்த்து ஓட்டம் பிடித்தது. கிடாரி அதன் பின்னால் ஓடியது. கயிற்றைக் கையில் சுற்றியிருந்த யோருன் தடுக்கி விழுந்து, வயிறு தரையில் தேய இழுபட்டே கல்லைத் தாண்டினாள். அதற்குப் பிறகுதான் சூரியன் மறைந்தது. இது என் வாக்கு மட்டுமில்லை, கிரிம்கெல்லும் கடைசி வரை இதையே சொன்னான்.

கிடாரி யோருன் என்ற பட்டப்பெயரை அங்கேயே, அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே வைத்தவனும் அவன்தான். பட்டப்பெயர் வைக்கிறவன் பரிசும் கொடுத்தால்தான் அது ஒட்டும் என்பது எங்கள் பழக்கம். தன் மேலாடையைக் கழற்றிக் கொடுத்தான். அவளுக்கு அப்போது அது வேண்டியிருந்தது, முன்பக்கத் துணி பாதி கிழிந்திருந்தது.

பின்னால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. மலைப்பக்கம் கொஞ்சம் நிலத்தை அவளே ஸ்டைனாருக்குக் கொடுத்தாள். தானமாக வாங்கினால் மரியாதைக் குறைவு என்று அவர் ஒரு குதிரையைக் கொடுத்து, வாங்கியதாகச் சொல்லிக்கொண்டார். நல்ல பக்கத்து வீட்டுக்காரராகவே கிழவரானார். நிலம் இல்லாமல் கரையேறிய எத்தனையோ பேருக்கு யோருன் இடம் கொடுத்தாள், எனக்கும் சேர்த்து. ரொட்டி மட்டும் கடைசி வரை திருந்தவில்லை.

அன்று சாயங்காலத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டைனார் தன் வீட்டு வாசலில், உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். யோருன் அவரைத் தாண்டி உள்ளே போனாள், ஒரு கால் வெறுங்காலாக.

"குளிர்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க, கொழுந்தனாரே," என்றாள்.

அவர் வந்தார். யாரும் கேட்காமலே இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். அவள் அதை எடுக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். வெர்முண்டைக் கடல் கொண்டுபோனதிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு நாங்கள் பார்த்ததில்லை, கல்நெஞ்சக்காரி என்றுகூடச் சிலர் பேசியிருந்தார்கள். இப்போது வாயைத் திறந்து, அவன் பெயரைச் சொல்லி, அந்த ஏழு வீட்டுக் குரலில் அழத் தொடங்கினாள். கூரைப் புல் உதிர்ந்துவிடும் போல இருந்தது. எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஸ்டைனார் தர்மசங்கடமாக எழுந்து வெளியே போகப் பார்த்தார். அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"உக்காருங்க. என் வீட்டுல நான் அழறேன்."

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் அண்ணனுக்காக அழுதார்.