மீட்டர் பெட்டியில் இருந்த பாதி

1998 ஆடியில் தம்பி குவைத் வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனான். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. தகுதிச் சான்று தராமல் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

தஞ்சாவூரில் நெஞ்சு மருத்துவர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"இது ஒரு சின்ன முடிச்சு. ஆறின பழைய புண்ணாவும் இருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம். இந்த ஒரு படத்தை வச்சுச் சொல்ல முடியாதுங்க. முன்னாடி எடுத்த படம் இருக்கா? அதுலயும் இதே அளவுன்னா பெரும்பாலும் பயமில்ல. புதுசுன்னாலோ வளர்ந்திருந்தாலோ, ஊசி போட்டு சதை எடுத்துப் பாக்கணும்."

நான்கு வருடத்துக்கு முன் அவனுக்கு நிமோனியா வந்தபோது எடுத்த படம் ஒன்று உண்டு. நன்னிலம் திரும்பும் பேருந்தில் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்தான். இருமல் வந்தபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

வீட்டுப் பரணில் உறை இருந்தது. உள்ளே பாதிப் படம்தான், அதுவும் இடது நுரையீரல். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் கிரகணம் பார்ப்பதற்காக என் மனைவி படத்தை நடுவில் வெட்டி, ஒரு பாதியைப் பக்கத்துக் கடை பாய் வீட்டுக்குக் கொடுத்திருந்தாள். ஊரில் பாதிப் பேர் அன்று எக்ஸ்ரே வழியாகத்தான் சூரியனைப் பார்த்தார்கள்.

போய்க் கேட்டதும் பாய் கடைக்குள் கை காட்டினார். மீட்டர் பெட்டியின் கண்ணாடி உடைந்த இடத்தில் அந்தப் பாதி ஆணியடித்து நின்றது.

"உன் நெஞ்சுதான்யா மூணு வருசமா என் மீட்டருக்குக் காவல்" என்றார் தம்பியிடம். அவன் சிரிக்கவில்லை. படம் கிழியாமல் பாய் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தாமே பிடுங்கினார்.

மறுநாள் மருத்துவர் படத்தை ஈரப் பஞ்சால் துடைத்து, புதிய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஆணித்துளைக்கு ஒரு விரல் கீழே அதே வெள்ளைப் புள்ளி. அளவுகோலை இரண்டிலும் வைத்தார். மறுபடியும் வைத்தார். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

"வளரல. பழைய தழும்பாத்தான் இருக்கணும். எதுக்கும் ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பாத்துருவோம்."

"குவைத்துங்க?" என்றான் தம்பி.

"எழுதித் தர்றேன். ஏத்துக்கிறது அவங்க இஷ்டம்."

ஊரில் இறங்கியதும் பாய் கடை வாசலிலேயே நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "மழை வருது தம்பி, மீட்டர் தொறந்து கெடக்கு" என்றார்.

"ஆறு மாசம் கழிச்சுக் கேளுங்க பாய்" என்று தம்பி உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.