தம்பியை மணலில் அழுத்திப் பிடித்த காலை

ஐயா, அம்மணி, பருத்தித்துறைக் கரையில் என் தம்பியை நான் மணலில் வீழ்த்தி அழுத்திப் பிடித்ததைப் பலர் பலவிதமாகக் கதைக்கின்றனர். நடந்ததை நானே எழுதுகிறேன்.

இளமையில் நாங்கள் இருவரும் பழைய ஜூடோப் புத்தகமொன்றின் படங்களைப் பார்த்து, ஆசான் எவருமின்றி, இதே மணலில் பழகினோம். எதிராளியை மல்லாத்தி, மார்புக்குக் குறுக்கே படுத்து, கையை மடக்கி முழங்கையைப் பூட்டுவது எங்களுக்கு உகந்த பிடி. மணலில் தட்டினால் ஓசை எழாது. ஆதலால் வலி தாளாதவன் மற்றவனின் முதுகில் தட்டவேண்டும். தட்டியதும் பூட்டைத் திறந்துவிட வேண்டும். உடற்பாரத்தை மட்டும் எடுக்க வேண்டியதில்லை; அதிலிருந்து அவன் தானே புரண்டு மீளவேண்டும். இது நாங்களே வகுத்துக்கொண்ட விதி.

சென்ற மார்கழியில் தம்பியின் ஒரே மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. விடிந்தபோது காற்று கரையில் நின்ற ஆளையே தள்ளியது. தேடப் புறப்பட்ட பெரிய படகுகளும் அலையைக் கடக்க மாட்டாமல் திரும்பின. தம்பியோ தன் சிறு எஞ்சின் படகைத் தனியனாக நீரை நோக்கித் தள்ளினான். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவன் காலைத் தட்டி வீழ்த்தி, குறுக்கே படுத்து, அவன் கையைப் பூட்டினேன்.

"கிழடுகள் ரெண்டும் உந்த வயசிலை மல்லுக்கட்டுதுகள்," என்று எவனோ சிரித்தான். காரியம் விளங்கியதும் அடங்கினான்.

"விடண்ணை. என்ரை பிள்ளை தண்ணிக்குள்ளை கிடக்கிறான்."

"ஓமடா. நீயும் போனால் உன்ரை மனிசிக்கு ஆர் இருக்கு?"

"உனக்கொரு பிள்ளை இருந்திருந்தால் என்னைப் பிடிச்சிருக்க மாட்டாய்."

எனக்குப் பிள்ளை இல்லை. அவன் திமிறத் திமிற மூட்டு பிசகும் நிலைக்கு வந்ததை என் கை உணர்ந்தது. இன்னும் சற்றுத் திருகினால் முறிந்துவிடும். முறிந்த கையால் படகு தள்ள இயலாது என்ற எண்ணமும் வந்தது. அவ்வேளை அவனது மறுகை என் முதுகில் தட்டியது.

பூட்டைத் திறந்துவிட்டேன். பாரத்தை எடுக்கவில்லை.

"எஞ்சினைக் கழட்டுங்கோ, கெதியாக் கழட்டுங்கோ," என்று கரையில் நின்றவர்களிடம் மன்றாடினேன். அவர்கள் அதைக் கழற்றித் தூக்கிச் செல்லும்வரை தம்பி என் தோளைக் கடித்தான், புரண்டான், பிறகு என் சட்டையைப் பற்றிக்கொண்டு அழுதான்.

பிள்ளை இன்றுவரை வரவில்லை. தம்பி உயிரோடு இருக்கிறான்; என்னோடு கதைப்பதில்லை. அவன் மனைவி என்னைக் கண்டால், "நீங்கள் அண்டைக்குப் பிடிச்சிராட்டில்..." என்று தொடங்குவாள். முடிக்காமலே போய்விடுவாள்.

பூட்டைத் திறந்த நான் ஏன் பாரத்தை எடுக்கவில்லையென்று தம்பி ஒருநாள் கேட்கக்கூடும். அன்று நான் இல்லாதிருக்கலாம். தயவுசெய்து இவ்வெழுத்தை அவனுக்காக வைத்திருங்கள்.