உள்தாளில் விழாத முத்திரை

சுதந்திரம் கிடைத்த புதிதில் மலாக்கா டவுனில் ஒரு கவுண்டரில் எனக்கு முத்திரை குத்தும் வேலை. குடியுரிமை கேட்டு வருகிறவர் பெயரில் ஒரு பெரிய விண்ணப்பப் பாரம் இருக்கும்; மனைவிக்கு ஓர் உள்தாள், அடியில் குண்டூசியால் குத்தியிருக்கும். மேலே குத்தினால் மேல்தாள் மட்டும்தான் மேலிடத்துக்கு நகரும். உள்தாளைப் புரட்டி அதிலும் தனியாகக் குத்த வேண்டும். குத்தாததைப் பின்னறையில் கழற்றித் தனிக் கட்டாகக் கட்டிப் போட்டுவிடுவார்கள்.

நான் சிடுமூஞ்சி. உள்தாளுக்கும் அடித்தாயா என்று தோட்டத்துக்காரர் ஒருவர் இரண்டாம் தடவை கேட்டபோது, என் வேலை எனக்குத் தெரியும், நகருங்கள் என்று வாயடைத்தேன். ஆனாலும் அவருக்குப் புரட்டிக் குத்தியிருந்தேன். யாருக்கும் தவறவிட்டதில்லை.

என் சொந்தப் பாரத்தையும் நான்தான் குத்தினேன். வரிசை வாசல்வரை நின்றது. என்னுடையதுதானே என்ற அலட்சியத்தில் மேலே ஒரு குத்துக் குத்திவிட்டு அடுத்தவர் பாரத்தை இழுத்துக்கொண்டேன்.

சில மாதங்களில் எனக்குக் குடியுரிமைப் பத்திரம் வந்தது. மனைவிக்கு வரவில்லை. அதே வாரம் நாகப்பட்டினத்திலிருந்து கடிதம் வந்தது. அவள் அம்மா படுத்த படுக்கையாம், மகளைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். பத்திரமில்லாமல் கப்பலேறினால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று ஆபீசில் கேட்டேன். யாரும் உறுதி சொல்லவில்லை. வீட்டில் ஆறு மாதக் குழந்தை; அவளை அனுப்பத் துணியவில்லை. பின்னறைக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். அவள் உள்தாள் வெறுமையாகக் கிடந்தது. புதிதாக எழுதிப் போடச் சொன்னார்கள்.

காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மறைக்காமல் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டாள்:

"வர்றவங்க எல்லாருக்கும் பொரட்டிப் பாத்து அடிச்சீங்கதானே?"

"அடிச்சேன்."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீனைக் கழுவி அடுப்பில் வைத்தாள். அன்று இரண்டு பேரும் சாப்பிட்டோம். உப்பா, உறைப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் தந்தி வந்தது. தலை முழுகிவிட்டு வந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். நான் அழ முயன்றேன், வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன். கை தானாகக் குத்திக்கொண்டிருந்தது.

அவளுடைய பத்திரம் தீபாவளிக்கு முன்பு வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தன் பெயரை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இனிமே எப்ப வேணும்னாலும் போயிட்டு வரலாமா?"

வரலாம் என்றேன்.

"யாரைப் பாக்க?" என்றாள்.